யானைக்குக் கேட்கும்படி ஒரு குடும்பச் சண்டை

என் பிள்ளைகள் போடும் சத்தத்துக்குப் பயந்துதான் யானை எங்கள் வீட்டுப் பின்பக்கம் வராமல் இருக்கிறது என்று நான் மனதார நம்பினேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் செலவழித்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். தேயிலைக் காட்டிலிருந்து மூடுபனி இறங்கி எங்கள் லயத்தின் தகரக் கூரைமேல் உட்காரத் தொடங்கியிருந்தது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "நூறு ஆயுசு" என்பார்கள்.

நான் முன்னறை நடுவில் நிற்கிறேன். காலடியில் தகர வாளி. மேஜைமேல் மகன் விட்டுப்போன ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருக்கிறது. வாளிக்கு ஓர் உதை கொடுத்துவிட்டு, என் சொந்தக் குரலில் கத்துகிறேன்.

"ஏலே இசக்கி! சுடுதண்ணி முழுசையும் நீயே ஊத்திட்டா அக்கா எதுல குளிப்பா?"

பிறகு தொண்டையை இறுக்கி, மகன் குரலில்:

"நேத்து அவ மட்டும் ஊத்துனாள்ல?"

பிறகு மூக்கால், மகள் குரலில்:

"பொய் சொல்லுதாம்ப்பா!"

வீட்டில் இசக்கியும் இல்லை, அக்காவும் இல்லை. மகன் இசக்கிராஜ் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். மகள் முத்துலட்சுமி எர்ணாகுளத்தில் நர்ஸ். வீட்டில் இருந்தது நானும் என் மனைவி சண்முகக்கனியும்தான். வாரம் முழுக்கத் தேயிலைக் கொழுந்து கிள்ளும் கனி, அன்று அடுக்களையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

"முத்து மூக்கால பேச மாட்டா. அது உங்க தங்கச்சி."

அடுத்த வீட்டுச் சுவர் தட்டப்பட்டது. அந்தோணி. தேயிலை ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்கிறவன்.

"செல்லண்ணே! பிள்ளைக வந்துருக்கா?"

"இல்லடே!"

"அப்ப யார ஏசுதீக?"

"யானைய!"

அந்தோணி சுவரை மறுபடி மெதுவாகத் தட்டினான்.

"சரிண்ணே. மாத்திர கீத்திர வேணும்னா கூச்சப்படாம கேளுங்க."

சூப்பர்வைசர்

போன வாரம் நான் இங்கே எழுதிய, தேயிலை காயவைக்கும் டிரையரில் என் சட்டை பொசுங்கிய கதையைப் படித்துவிட்டு, "இவ்வளவு பயந்த ஆள் அந்த மலையில் எப்படிப் பிழைக்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பயந்துதான் அம்மா பிழைக்கிறேன். பயம் இல்லாதவர்கள் மூணாறு மாட்டுப்பட்டி அணைக்கு வந்து யானையோடு செல்ஃபி எடுக்கப் பார்ப்பார்கள். நான் யானை இருக்கிறது என்று கேள்விப்பட்டாலே வந்த வழியே திரும்பிவிடுவேன்.

ஒருமுறை மூடுபனியில் வழியில் யானை நிற்கிறது என்று எஸ்டேட் டிராக்டர்மேல் ஏறி, இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். ஃபேக்டரியே வந்து கூப்பிட்டது. யானை அசையவே இல்லை. பனி விலகியபோது அது உர மூட்டைகள்மேல் போர்த்திய தார்ப்பாய் என்று தெரிந்தது. லயத்தில் அந்தக் கதையை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்கிறார்கள். பந்தியில் எனக்கு இலை போடும்போதே சிரிக்கிறார்கள்.

எங்கள் பக்கம் வந்துபோகும் நிஜ யானைக்கு லயத்துக்காரர்கள் வைத்த பெயர் சூப்பர்வைசர். வருவார், எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்ப்பார், ஒரு வேலையும் செய்யாமல் போய்விடுவார். இந்தப் பெயர் எங்கள் எஸ்டேட் சூப்பர்வைசருக்கும் தெரியும். அவர் வருத்தப்பட்டதில்லை. யானைக்குத்தான் கொஞ்சம் மனக்குறை இருக்கலாம்.

சூப்பர்வைசர் கீழ் லயத்தில் ரேஷன் கடைக் கதவைத் தள்ளி அரிசி தின்றிருக்கிறார். மேல் லயத்தில் ஒரு பாத்தி கேரட்டை முடித்திருக்கிறார். எங்கள் வீட்டுப் பின்னால் சௌசௌப் பந்தல் இருக்கிறது, பீன்ஸ் இருக்கிறது, முட்டைக்கோஸ் இருக்கிறது. இங்கே மட்டும் அவர் கால் வைத்ததில்லை.

ஏன்? இந்தக் கேள்வி எனக்கு வருஷக்கணக்கில் எழவில்லை. பிள்ளைகள் போன பிறகுதான் எழுந்தது.

பஸ் ஏறாமல் நின்றவன்

மகள் முதலில் போனாள். அவள் போனபோது வீடு பாதிதான் அடங்கியது, ஏனென்றால் மகன் இரண்டு பேருக்கான சத்தத்தைப் போட்டான். பிறகு அவனுக்கும் வேலை வந்தது.

மூணாறு பஸ் ஸ்டாண்டில் அன்றைக்குத் தூறல். கோயம்புத்தூர் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. பெட்டி ஏறிவிட்டது, பையன் ஏறவில்லை. படியில் ஒரு கால், தரையில் ஒரு கால். கண் இரண்டும் ரோஸ் நிறத்தில் இருந்தன.

"அம்மா, ஒண்ணு சொல்லு. நம்ம லயத்துக்குள்ள யானை வந்துச்சுன்னா, அன்னைக்கே ரெண்டு பேரும் கெளம்பி எங்கிட்ட வந்துரணும்."

"சரிய்யா."

"சத்தியம் பண்ணு."

"சத்தியம்யா. ஏறு."

அவன் ஏறினான். பஸ் போனது. கனி முந்தானையால் தலையை மூடிக்கொண்டு எஸ்டேட்டுக்குத் திரும்பும் ஜீப்பைப் பார்த்து நடந்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

காரணம் இருக்கிறது. கனி எந்த விஷயத்துக்கும் முதல் தடவையில் சரி என்று சொன்னவள் இல்லை. என்னைக் கட்டிக்கொள்ளவே ஒரு கொழுந்து சீசன் முழுக்க யோசித்தாள். சேலை வாங்கப் போனால் கடைக்காரர் டீ சொல்லிவிடுவார், அவருக்கே. அப்படிப்பட்டவள் வீட்டை விட்டு வரச்சொன்னதும் கண்ணிமைக்காமல் சத்தியம் பண்ணுகிறாள் என்றால்? அவளுக்குப் போக ஆசை. யானை ஒரு சாக்கு. சூப்பர்வைசர் ஒரு தடவை தும்பிக்கையை நீட்டினால் போதும், நான் மலையை விட்டு இறங்கியாக வேண்டும்.

அன்று முதல் என் வாழ்க்கையின் ஒரே லட்சியம், யானை எங்கள் வீட்டுப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வது.

இதற்கு எங்களிடம் வழக்கம் இல்லை

இங்கே ஒரு பழைய சங்கதியைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். ஏறி வந்தவர்களை நான் பார்த்ததில்லை. என் அப்பா இந்த லயத்தில் பிறந்தார், நானும் இதே லயத்தில் பிறந்தேன். கட்டில் மட்டும் மாறியது.

பிள்ளைகள் வீட்டை விட்டுப் போவது என்கிற ஏற்பாடே எங்களுக்குக் கிடையாது. பிள்ளை வளர்ந்தால் எஸ்டேட்டின் ஆள்கணக்குப் புத்தகமான மஸ்டரில் பேர் கொடுப்பான். அப்பன் ஓய்வு பெறும்போது மகன் வேலையில் இருப்பான், வீடு அவன் பேருக்கு மாறும், அப்பன் அதே மூலையில் அதே கம்பளியில் படுத்திருப்பான். எங்கள் அப்பா என்னோடுதான் இருந்தார். அவர் இருமலுக்கும் என் பிள்ளைகளின் அழுகைக்கும் நடுவில் நான் ஷிஃப்ட் முடிந்து தூங்கியிருக்கிறேன். ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலரின் சத்தத்தில் காது பாதி போன எனக்கு அதுதான் தாலாட்டு.

ஆக, பிள்ளைகள் இல்லாத வீட்டில் இரண்டு பேர் எப்படி இருப்பது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுக்க முன்னால் ஒருத்தரும் இல்லை. சாவு வீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது, சடங்கு வீட்டுக்கு ஒரு முறை இருக்கிறது, சுடுதண்ணீர் மிச்சம் இருக்கும் வீட்டுக்கு என்ன முறை?

உண்மையைச் சொன்னால், என்னை முதலில் கலங்கடித்தது அந்தச் சுடுதண்ணீர்தான். எங்கள் குளிரில் காலை அடுப்பில் வைக்கும் அண்டா தண்ணீருக்காக இந்த வீட்டில் நடந்த போர்களுக்கு அளவில்லை. முத்து வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், இசக்கி துரத்துவான். நான் கடைசியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு "ஆரோக்கியம்" என்று சொல்லிக்கொள்வேன். அவன் போன மறுநாள் காலை அண்டா நிறையத் தண்ணீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. கேட்பாரில்லை. நான் இஷ்டத்துக்கு ஊற்றிக் குளித்தேன். சூடு உடம்பில் ஒட்டவே இல்லை.

டீக்கடையில் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "பிள்ளைக செட்டில் ஆயிட்டாக. பிறகென்ன, கீழ எறங்கிர வேண்டியதுதான செல்லையா?" மேலே ஏறியவன் ஒருநாள் இறங்கித்தானே ஆக வேண்டும் என்றார் ஒருவர்.

எனக்குச் சுருக்கென்றது. நான் எப்போது ஏறினேன்? இங்கேயே பிறந்தவனுக்கு இறங்குவது என்பது எந்தத் திசை? ரிட்டையர் ஆகக்கூட இன்னும் காலம் இருக்கிறது. கையில் வேலை இருக்கிறது, வாயில் பாதிக்குமேல் பல் இருக்கிறது. பிள்ளைகள் வெளியே போனதற்கு நாங்கள் ஏன் தண்டனை மாதிரி மூட்டை கட்ட வேண்டும்? இறங்க மாட்டேன் என்று டீ கிளாஸைப் பலகையில் வைத்துச் சொன்னேன். கொஞ்சம் பலமாக வைத்துவிட்டேன். கிளாஸ் உடைந்தது. வீரத்துக்கு ஒரு விலை உண்டு.

சத்தம் என்னும் வேலி

யானை ஏன் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை என்று அன்று இரவு யோசித்தேன், விடை பளிச்சென்று கிடைத்தது. சத்தம்! இந்த லயத்திலேயே அதிகச் சத்தம் போட்ட பிள்ளைகள் என்னுடையவர்கள். இசக்கியின் ஸ்பீக்கர் ஒன்றே போதும், அணையில் படகு ஓட்டுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முத்து பாடத்தை மனதுக்குள் படித்ததே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்துகொண்டே, பீன்ஸ் செடிகளுக்கெல்லாம் கேட்கும்படி படிப்பாள். யானைக்கு எவ்வளவு பெரிய காது! பாவம், எவ்வளவு வலித்திருக்கும்.

பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பது யானைக்குத் தெரியாமல் இருந்தால் போதும். இதுதான் என் திட்டம்.

காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதுமுன் எழுந்து பின்வாசலில் நின்று கூவுவேன்: "எந்திரிங்க! ஸ்கூலுக்கு நேரமாச்சு!" வேலைக்குப் போகிற பிள்ளைகளை மறுபடி ஸ்கூலுக்கு அனுப்பினேன். வாசலில் அவர்களுடைய பழைய செருப்புகளை வைத்தேன், யானை கீழே பார்த்து நடந்தாலும் ஏமாறட்டும் என்று. சாயங்காலம் முத்துவின் பாடம். செடி எப்படி வெயிலையும் தண்ணீரையும் வைத்துச் சாப்பாடு செய்துகொள்கிறது என்பதை எனக்குத் தெரிந்த மட்டில் தோட்டத்தைப் பார்த்து நடத்தினேன். செடியைத் தின்ன வருகிறவருக்கு அதையே பாடமாக நடத்துகிறோமே என்பது பிற்பாடுதான் உறைத்தது.

கனி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், நான் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சண்டை போட்டு மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, பால் ஊற்றாத கட்டன்சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"யாரு ஜெயிச்சது?"

"முத்து."

"என்னைக்கும் அவதான்," என்றாள். போய்விட்டாள்.

வேலியில் கிள்ளிய கொழுந்து

நடுவில் ஒரு முறை கோயம்புத்தூருக்குப் போய் மகனோடு சில நாள் இருந்தோம். உயரத்தில் ஃப்ளாட். எனக்கு வேர்த்த வேர்வையில் ஒரு நாற்றங்கால் போட்டிருக்கலாம். கம்பளி இல்லாமல் தூங்கியே பழக்கமில்லாததால், ஃபேனைப் போட்டுக்கொண்டு கம்பளியையும் போர்த்திக்கொண்டு படுத்தேன். மகன் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

கனிக்கு லிஃப்ட் பிடித்துப்போயிற்று. மேலே போவாள், கீழே வருவாள். தானாகக் கதவு திறக்கும்போதெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். நான் அதைக் கவனித்தேன். மனதில் குறித்துக்கொண்டேன். ஆக, இவள் இங்கேதான் வரப்போகிறாள்.

இன்னொன்றையும் பார்த்தேன், அதற்கு அர்த்தம் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. கீழே அழகுக்கு வளர்த்த பச்சை வேலி ஒன்று இடுப்புயரத்துக்கு இருந்தது. ஒருநாள் காலை கனி அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டே, இரண்டு கையாலும் நுனிகளைக் கிள்ளி இடது தோளுக்கு மேலே பின்னால் எறிந்துகொண்டிருந்தாள். முதுகில் கூடை இல்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை. வாட்ச்மேன் ஓடிவந்தார்.

"ஏனுங்கம்மா, செடிய எதுக்குங்க பிய்க்கறீங்க?"

கனி கையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பின்னால் இலைகள் சிதறிக் கிடந்தன.

"முத்திப்போச்சுங்க," என்றாள். "இத ஆரும் எடுக்கலியா?"

அன்று மத்தியானம், "ஊருக்குப் போலாமா?" என்றாள். பந்தலுக்குத் தண்ணீர் விட ஆளில்லை என்றாள். எங்கள் ஊரில் அப்போது அடைமழை.

மூடுபனிக்கு ரோமம் கிடையாது

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம். வாளி, ஸ்பீக்கர், அந்தோணியின் மாத்திரை.

யானை வருவது காட்டுப் பக்கம். நானோ முன்னறையில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். நாடகத்தைப் பின்பக்கம் நடத்துவதே முறை என்று தோன்றியது. ஒரு கையில் வாளியும் இன்னொரு கையில் ஸ்பீக்கருமாக அடுக்களைக்கு வந்தேன். ஜன்னலோரம் நின்று வாளியை உதைத்து, இசக்கியைப் பேர் சொல்லி ஏசினேன், அவன் குரலில் பதிலும் சொன்னேன், முத்துவின் குரலை இந்தத் தடவை மூக்கில்லாமல் எடுத்தேன்.

"அப்பா! இவன என்னான்னு கேளுங்க!"

ஜன்னல் இருட்டிவிட்டது.

மூடுபனி என்றுதான் நினைத்தேன். ஆனால் மூடுபனிக்கு ரோமம் கிடையாது. சேறு காய்ந்த சுருக்கங்கள் கிடையாது. இந்த மூடுபனிக்கு ஒரு கண் இருந்தது. என் பெரியப்பாவின் கண் மாதிரி, இமை மயிரெல்லாம் நீளமாக, ஒன்றுக்கும் அவசரப்படாத கண். அது என்னைப் பார்த்தது. பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தது. பிறகு சௌசௌக் கொடியை ஒரு சுருட்டுச் சுருட்டி வாய்க்குள் விட்டது.

என் சட்டையைப் பிடித்து யாரோ கீழே இழுத்தார்கள். கனி. என்னை அடுப்போரத்தில் உட்காரவைத்து ஸ்பீக்கரை அணைத்தாள். உரித்த பட்டாணி ஒன்றுகூடத் தட்டிலிருந்து சிந்தவில்லை.

சத்தம் நின்ற பிறகுதான் மற்றதெல்லாம் கேட்டது. பந்தல் கால் மளுக்கென்று முறிவது. கொடி இழுபடுவது. அவர் வயிற்றுக்குள் தூரத்து இடி மாதிரி ஏதோ உருளுவது. ஈரமண்ணும் கசக்கிய இலையும் சேர்ந்த ஒரு வாசம், ஃபேக்டரியில் பச்சை இலை வாட்டும் இடத்தில் வரும் வாசத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ கிளாஸை உடைத்து, இறங்க மாட்டேன் என்று சபதம் போட்ட செல்லையா, பெண்டாட்டி காதருகே போய்ச் சொன்னான்:

"போயிருவோம் கனி. கோயம்புத்தூருக்கே போயிருவோம். லிஃப்ட்ல போவோம் கனி."

"வாய மூடுங்க," என்றாள் கனி. "அது சாப்புடுதுல்லா."

அவர் சாப்பிட்டு முடித்தார். ஒரு பெருமூச்சு விட்டார், ஜன்னல் வலை ஒரு தடவை உப்பி அடங்கியது. பின்னால் தேயிலைக்குள் சருகு நொறுங்கும் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. இந்தப் பக்கம் நான் மட்டும் கோயம்புத்தூர்க்காரன் மாதிரி வேர்த்திருந்தேன்.

எம் பேரைச் சொல்லிக் கத்துனது யாரு?

யானை போட்டுவிட்டுப் போனதில் ஆவி அடங்கும் முன்பே போன் அடித்தது. மகன்.

நடந்தது என்னவென்றால், எனக்கு மாத்திரை தருவதாகச் சொன்ன அந்தோணி, பின்கதவைத் திறந்தவன் சூப்பர்வைசரைப் பார்த்திருக்கிறான். சத்தம் போடாமல் உள்ளே போய்த் தன் வீட்டு ஜன்னல் வழியாக வீடியோ எடுத்து, லயத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். இசக்கி ஊரை விட்டுப் போனாலும் குரூப்பை விட்டுப் போகவில்லை.

கனி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, வீடியோ பாத்தேன். சூப்பர்வைசர் நம்ம வீட்டுக்குப் பின்னால நிக்காரு!"

"நின்னாரு. போயிட்டாரு."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"சௌசௌவுக்குத்தான் ஆயிட்டு."

"வெளையாடாதம்மா. நாளைக்கு வண்டி பிடிச்சுட்டு வாரேன். துணிமணியக் கட்டி வைங்க. சத்தியம் பண்ணிருக்க, ஞாபகம் இருக்குல்ல?"

நான் வீட்டைப் பார்த்தேன். புகை ஏறிய சுவர், அண்டா, வாளி. இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. கனி பட்டாணித் தட்டைக் கீழே வைத்தாள்.

"பண்ணேன்யா. நீ ஒரு காலப் படியில வச்சுக்கிட்டு ஏறாம நின்ன. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா வேலைக்கே போக மாட்டேன்னிருப்ப. உன்ன ஏத்திவிடணும்ல? அதுக்குப் பண்ணேன்."

மகன் விடவில்லை.

"அம்மா... யானைம்மா."

"யானைதான்யா. நீ தொட்டில்ல கெடக்கும்போதே வந்துச்சு. தொட்டில் கயித்த ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இந்த அடுப்போரத்துலதான் உக்காந்துருந்தேன். பிறகு நீ பத்தாவது படிக்கும்போது ஒரு தரம். நீ முன்னால பாட்ட அலறவிட்டுட்டு இருந்த, அது பின்னால நின்னு முட்டைக்கோஸ முடிச்சுட்டுப் போச்சு. அப்பல்லாம் போகாதவ, இப்ப எதுக்குய்யா போவேன்?"

இதை மகன் முதல் தடவையாகக் கேட்டான். நானும்தான்.

"கனி, எங்கிட்ட மாடு மேஞ்சுட்டுன்னுல்லா சொன்ன?"

"உங்ககிட்ட எப்படிச் சொல்ல? தார்ப்பாயப் பாத்து டிராக்டர்ல ஏறுன ஆளு. லயத்துல எல்லாருக்கும் தெரியும், உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு பேசிவச்சிருந்தோம்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தோணி ஒத்துக்கொண்டான்: "ஆமாண்ணே!"

கனி போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எடையைக் குறைத்துச் சொன்னால் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள்.

"நீங்க இருந்தீக, அதனாலதான் நாங்க இங்க இருந்தோம்னு நெனைக்காத. எங்களுக்காவவும்தான் இருந்தோம். எனக்குக் கை இருக்கு, கொழுந்து எடுக்கேன். உங்கப்பாவுக்கு வாய் இருக்கு, கத்துதாரு. பொங்கலுக்கு வாரோம். விருந்தாளியா வாரோம், லிஃப்ட்டுல ஏறி எறங்கிட்டு வந்துருவோம். மூட்ட கட்டிக்கிட்டு வர மாட்டோம்."

மகன் கோயம்புத்தூர்ப் பேச்சில் சொன்னான்:

"சரிங்கம்மா."

"யாருய்யா நீ?" என்றாள் கனி. "எம்மவன்கிட்டல்லா பேசிக்கிட்டு இருந்தேன்."

அவன் சிரித்துவிட்டான். அப்பாவிடம் கொடு என்றான். நான் போனை வாங்கினேன்.

"அப்பா, அந்த வீடியோவுல பின்னால எம் பேரச் சொல்லி யாரோ கத்துதாங்களே. அது யாரு?"

"நாந்தாம்டே."

"பிறகு ஒரு சின்னக் குரல் கேக்குதே?"

"அது நீ."

"நான் அப்படியாப்பா பேசுவேன்? நான் எப்ப வாளிய ஒதச்சேன்? அது அக்கா."

"அக்காட்ட கேட்டா நீதான்னு சொல்லுவா."

"குரூப்புல எல்லாரும் கேக்காங்கப்பா, செல்லண்ணன் பிள்ளைக எப்ப வந்தாங்கன்னு."

"நீ என்ன போட்ட?"

"இன்னும் வரல, பொங்கல் முடிஞ்சு லீவு போட்டு வாரோம்னு போட்டேன்."

நான் போனைக் கனியிடம் கொடுத்துவிட்டு அண்டாவைத் திறந்து பார்த்தேன். காலையில் மிச்சமான தண்ணீர். ஆறிப்போயிருந்தது. அடுப்பை மூட்டினேன். அன்று ராத்திரி குளிப்பதில் நாங்கள் சண்டை போட்டோம். முதலில் யார் என்று. நிஜச் சண்டை, நிஜக் குரலில். கனி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பச்சைத் தண்ணீரில் குளித்தேன். ஆரோக்கியம்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பின்பக்கம் போனோம். கவாத்து வெட்டிய குச்சிகளை அந்தோணி ஒரு கட்டு கொண்டுவந்து போட்டான், பந்தலை மறுபடி நிறுத்தினோம். கனி யானைச் சாணத்தை மண்வெட்டியால் அள்ளிப் பீன்ஸ் பாத்தியில் பரப்பினாள். இத்தனை வருஷம் எங்கள் பீன்ஸ் ஏன் லயத்திலேயே நீளமாகக் காய்த்தது என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். பிள்ளைகள் இருந்தபோதும் யானை வந்தது, போன பிறகும் வந்தது. சௌசௌப் பந்தலைத் தின்றது, போய்விட்டது. நாங்கள் வீட்டைக் காலி செய்யவில்லை.